பச்சைப் புள்ளி வைத்த குப்பி

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு ஜனவரி மாதம். நியூ ஜெர்சியில், பிஸ்கட்டவேயில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட டிரைவில் ஒரு பல்கலைக்கழகம். அதன் லேப் ஒன்றில் உட்கார்ந்து நான் தென் துருவத்துக் கடல் நத்தைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஆமாம், நத்தைதான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் கணவர் எப்போதோ சிரித்து முடித்துவிட்டார்.

பதினாறு வருடம் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருந்தவள் நான். அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் உத்தியோகம். கம்பெனியில் ஆள் குறைத்தபோது என்னையும் அனுப்பிவிட்டார்கள். ரெஸ்யூமே அனுப்புவதும், வராத பதிலுக்காக மெயிலைத் திறந்து திறந்து பார்ப்பதுமாக இரண்டு மாதம் போனது. துடைத்த அடுப்பையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தேன். அந்தச் சமயத்தில்தான் இந்தியன் ஸ்டோரில் பில் போடும் வரிசையில் ஒரு பெண் பழக்கமானாள். நாகர்கோவில் பக்கம். பிஎச்.டி. நாலாவது வருடம். தன் லேபுக்கு வாலன்டியர் தேடிக்கொண்டிருப்பதாகச் சொன்னாள்.

"நுணுக்கமாப் பாக்கத் தெரிஞ்சாப் போதும், ஆன்ட்டி. ட்ரெயின் நான் பண்றேன்."

"அமெரிக்கா வந்து இருபது வருஷம் கழிச்சு நத்தை பொறுக்கப் போறியா?" என்றார் கணவர். ஹைஸ்கூல் படிக்கும் மகள் மட்டும் போனிலிருந்து தலையைத் தூக்கி, "அம்மா, தட்ஸ் ஆக்சுவலி ஸோ கூல்" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருவது அபூர்வம் என்பதால் உடனே போய்ச் சேர்ந்துவிட்டேன்.

துருவத்துக் கடல் என்றால் பனியும் பெங்குவினும் என்றுதான் நினைத்திருந்தேன். அந்தக் குளிரில் வேறு என்ன இருந்துவிடப்போகிறது? முதல் நாளே அந்தப் பெண் என் வாயை அடைத்துவிட்டாள். ஆய்வுக் கப்பல் கடலடியில் அள்ளி வந்த ஒரு பிடிச் சேற்றைச் சலித்து, மிச்சத்தை ஒரு கண்ணாடித் தட்டில் பரப்பி, மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்தாள். வெறும் கண்ணுக்கு அது ஊறவைத்த ரவை மாதிரி இருந்தது. லென்ஸ் வழியாகப் பார்த்தால் அத்தனையும் நத்தை! கடுகளவு, கசகசா அளவு. ஒன்று பம்பரம் மாதிரி, ஒன்று தட்டையாகச் சுருண்டு, ஒன்று கண்ணாடி போல உள்ளிருக்கும் உடம்பு தெரிகிற மாதிரி. வெள்ளை, தேன் நிறம், லேசான ரோஸ். சில ஓடுகளில் கோலத்துக்கு இழுத்தது போல மெல்லிய வரிகள். கையால் தொட்டால் தொலைந்துபோகும் பொடிப்பொடி உயிர்களுக்குள் இத்தனை ஜாதி இருக்கிறதா என்று அன்று முழுவதும் வியந்துகொண்டே இருந்தேன். பெரிய சங்குகளைப் பார்த்தவர்கள் நிறையப் பேர், இந்தப் பொடிகளை யாரும் சரியாகப் பார்க்கவில்லை, பார்க்கப் பார்க்கப் புதிது புதிதாக வருகிறது என்றாள்.

என் வேலை எளிது. இடுக்கியால் நத்தையைப் பொறுக்கி, ஆல்கஹால் ஊற்றிய சிறு கண்ணாடிக் குப்பியில் போட வேண்டும். எந்த இடத்துச் சேறு, எவ்வளவு ஆழம் என்று பென்சிலால் எழுதிய சீட்டு ஒன்று குப்பிக்குள்ளேயே மிதக்கும். வாரத்தில் மூன்று நாள் போனேன். அவளுக்கும் சேர்த்துத் தயிர் சாதம் கட்டிக்கொண்டு போவேன். காதை மூடாமல் பனியில் வந்தால் அதட்டுவேன். லேபே என்னை ஆன்ட்டி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. எனக்குக் கொஞ்சம் தலைகூட வீங்கியிருந்தது என்று நினைக்கிறேன்.

நம் வீட்டுச் சமையலறைகளில் ஒரு பழக்கம் உண்டு. துவரம்பருப்பு இரண்டு டப்பாவில் பாதிப்பாதி இருந்தால் கை சும்மா இருக்காது. ஒன்றை இன்னொன்றில் கொட்டி, காலி டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தால்தான் நிம்மதி. ஒரு வெள்ளிக்கிழமை மதியம், அவள் வகுப்பெடுக்கப் போயிருந்த நேரம், என் தட்டு சீக்கிரம் முடிந்துவிட்டது. அவள் ஷெல்ஃபைப் பார்த்தேன். இரண்டு குப்பிகள். இரண்டிலும் பாதிக்குக் கீழே வெள்ளை நத்தைகள். சீட்டைப் படித்தேன், எழுத்துக்கு எழுத்து ஒன்றேதான். ஒன்றின் மூடியில் மட்டும் பச்சை ஸ்டிக்கர் ஒன்று பொட்டு மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஏதோ பழைய ஸ்டிக்கர் என்று நகத்தால் சுரண்டி எடுத்தேன். ஒன்றை இன்னொன்றில் கொட்டினேன். ஒரே மாதிரி இரண்டு சீட்டு எதற்கு என்று ஒன்றைக் குப்பையில் போட்டேன். காலிக் குப்பியைக் கழுவி, சுத்தமான குப்பிகளோடு அடுக்கினேன். வீட்டுக்கு வரும்போது, அந்தப் பெண்ணுக்கு ஒரு வேலை மிச்சம் என்று சந்தோஷமாக வேறு இருந்தது.

திங்கட்கிழமை காலை நான் போனபோது அவள் ஷெல்ஃபின் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஆன்ட்டி, பச்சை டாட் வச்ச பாட்டில் ஒண்ணு பாத்தீங்களா? ரெண்டு வாரத்துல என் பிஎச்.டி. கமிட்டிக்கு ப்ரெசன்ட் பண்ணணும். அது இல்லன்னா என் தீசிஸ்ல ஒரு சாப்டரே இல்ல."

ஒரே பிடிச் சேற்றில், பார்க்க ஒன்று போலவே இருக்கும் இரண்டு வெவ்வேறு இன நத்தைகள் சேர்ந்து வாழ்கின்றன. இதுதான் அவள் கண்டுபிடித்தது. பெயர் முடிவாகவில்லை என்பதால் சீட்டில் எழுதவில்லை, அடையாளத்துக்குப் புள்ளி மட்டும் வைத்திருந்தாள். அந்த இரண்டையும் பிரிக்க அவளுக்கு ஒரு கோடைக்காலம் முழுக்க ஆகியிருந்தது. அந்தச் சேறும் இனிமேல் கிடைக்காது, கப்பல் போய் வந்தாகிவிட்டது.

நான் நகத்தால் சுரண்டி எடுத்த பொட்டு அதுதான். அப்போதே சொல்லியிருக்கலாம். ஒரு வரிதான். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"எப்படிம்மா இருக்கும் அது? இரு, நானும் தேடறேன்."

தேடினேன். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். டிராயரை இழுத்து இழுத்துப் பார்த்தேன். அடுத்த கட்டிடத்துக் குளிர் அறைக்கு அவளோடு பனியில் நடந்துபோய் அங்கேயும் பெட்டி பெட்டியாகத் திறந்து பார்த்தேன். "எங்கயோ வச்சிருப்பே, கிடைச்சிடும்" என்று ஆறுதல் வேறு சொன்னேன். மூன்று மணி நேரம். அத்தனை நேரமும் அந்த நத்தைகள் அவள் ஷெல்ஃபிலேயே, அவள் கண் முன்னாலேயே இருந்தன.

கடைசியில் அவள் லேப்டாப்பைத் திறந்து ப்ரொஃபஸருக்கு மெயில் எழுத உட்கார்ந்தாள். எட்டிப் பார்த்தேன். என் கவனக்குறைவால் முக்கியமான சாம்பிள் ஒன்று தொலைந்துவிட்டது என்று ஆரம்பித்திருந்தாள். "என் மேலதான் தப்பு, ஆன்ட்டி. சீட்ல ஒழுங்கா எழுதி வச்சிருக்கணும்" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "ஒரு நிமிஷம்மா, அனுப்பாதே" என்றேன். வெள்ளிக்கிழமை செய்ததைச் சொன்னேன். ஆனால் எப்படிச் சொன்னேன்? "ஐயோ, இப்பத்தான் ஞாபகம் வருது" என்று நெற்றியில் தட்டிக்கொண்டு சொன்னேன்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"சிங்க்ல எதுவும் கொட்டலையே?"

"இல்லம்மா. எல்லாம் அந்தக் குப்பிக்குள்ளதான் இருக்கு."

அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டிருந்தாள். இரண்டும்தான் என்று இப்போது தோன்றுகிறது. "அப்ப தொலையல, ஆன்ட்டி. மறுபடி பிரிச்சிடலாம்" என்றாள். எழுதிய மெயிலை அழித்துவிட்டு ப்ரொஃபஸரின் அறைக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்றிலிருந்து ஒன்பது நாள் இருவரும் உட்கார்ந்து பிரித்தோம். எதை வைத்துப் பிரிப்பது என்று எனக்கும் காட்டிக்கொடுத்தாள். நத்தை ஓட்டின் உச்சி நுனிதான் அது பிறக்கும்போதே கொண்டுவந்த ஓடு. எவ்வளவு வளர்ந்தாலும் அந்தக் குழந்தை ஓடு நுனியில் அப்படியே இருக்கும். ஒரு இனத்துக்கு அது உருண்டையாகக் குண்டாக இருக்கும், இன்னொன்றுக்கு ஒடுங்கிக் கூராக இருக்கும். முதல் நாள் எனக்கு எல்லாம் ஒன்றாகத்தான் தெரிந்தது. இரண்டாம் நாள் சந்தேகம் வந்தது. நாலாம் நாள் இதைப் போயா ஒன்று என்று நினைத்தோம் என்று எனக்கே வெட்கமாகிவிட்டது. நான் பிரித்ததை ஒவ்வொன்றாக அவள் மறுபடி பார்த்தாள். முன்பென்றால் எனக்குக் கோபம் வந்திருக்கும். பதினோரு நத்தைகளுக்கு நுனி உடைந்திருந்தது. முன்பே உடைந்ததா, நான் கொட்டியபோது உடைந்ததா என்று தெரியவில்லை. அவற்றைத் தனிக் குப்பியில் போட்டு, 'எது என்று சொல்ல முடியாது' என்று எழுதினாள்.

கமிட்டி நாளில் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பதினொன்றையும் மறைக்காமல் சொன்னாள். சாம்பிள் நடுவில் ஒருமுறை கலந்துவிட்டது, மறுபடி பிரித்தோம், இவை கணக்கில் இல்லை என்றாள். யார் கலந்தது என்று சொல்லவில்லை. கேள்விகள் கேட்டார்கள், பதில் சொன்னாள், ஒப்புக்கொண்டார்கள். எனக்கு அன்றுதான் ஒழுங்காகத் தூக்கம் வந்தது.

போன வருடம் பட்டம் வாங்கிக்கொண்டு வேறு ஊருக்கு வேலைக்குப் போய்விட்டாள். எனக்கும் வேலை கிடைத்துவிட்டது. பொங்கலுக்கு போன் பண்ணினாள், ஒரு மணி நேரம் பேசினோம். தன் ஆய்வேட்டையும் அனுப்பியிருந்தாள். அதன் நன்றிப் பக்கத்தில் லேப் ஆன்ட்டிக்கும் ஒரு வரி இருந்தது. பொறுமையான கண்களுக்காகவும், தன் தவறைத் தானே முன்வந்து சொன்ன நேர்மைக்காகவும் நன்றி என்று எழுதியிருந்தாள். கணவர் அதைப் பிரிண்ட் எடுத்து ஃப்ரிட்ஜில் ஒட்டினார். மகள்கூட நின்று படித்தாள். மறுநாள் அவர்கள் கிளம்பிப் போனதும் நான் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன்.

கொட்டியது அறியாமல் செய்தது, அதற்காக நான் இன்று வருத்தப்படுவதில்லை. அந்த மூன்று மணி நேரத்தைத்தான் அவளிடம் இன்னும் சொல்லவில்லை. இப்போதெல்லாம் யாராவது என்னை நேர்மையானவள் என்று சொன்னால், அவள் தவித்துக்கொண்டு தேடும்போது அவள் பக்கத்திலேயே குனிந்து, தேடுவதுபோல் நடித்துக்கொண்டிருந்த அந்தப் பெண்மணிதான் எனக்கு முதலில் ஞாபகத்துக்கு வருகிறாள்.