பூங்காக் கிணற்றுத் தண்ணீர்

நகராட்சிப் பூங்காவை இருளப்பசாமிதான் பல வருடங்களாகப் பார்த்துவந்தார். எழுபத்து நாலில் மழை பொய்த்தது. ஊர்க் கிணறுகள் வற்றிவிட, பூங்காக் கிணற்றில் மட்டும் கொஞ்சம் ஊறியது. அதைச் செடிகளுக்கு மட்டுமே விட வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு.

பக்கத்துப் பாளையம்பட்டியிலிருந்து மற்றப் பெண்களோடு குடமெடுத்து வந்த மூக்கம்மாள், "ரோசாச்செடி குடிக்கட்டும், எங்க பிள்ளைக தவிக்கட்டுமாண்ணே?" என்று கேட்டாள்.

அவர் கேட்டைத் திறந்துவிட்டார். "போகும்போது ஆளுக்கொரு செம்பு மரத்துக்கு ஊத்திட்டுப் போங்க தாயி."

சிலர் ஊற்றினார்கள், பலர் மறந்தார்கள். சத்தம் போட அவருக்குத் தெம்பில்லை. ரோஜாக்கள் கருகின. மரங்களில் பாதி பிழைத்தன.

ஐப்பசியில் மழை பெய்தது. பார்வையிட வந்த அதிகாரி வெறும் பாத்திகளைப் பார்த்துத் திட்டினார். அதிகாரி போனபின் இருளப்பசாமி சிமெண்டு பெஞ்சில் சற்று உட்கார்ந்திருந்துவிட்டு, மண்வெட்டியை எடுத்துப் பாத்தியைக் கொத்தத் தொடங்கினார்.