மாத்திரை ஒட்டிய இடம்

ஒரகடத்துக் கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆளாகவே முன்மண்டை வழுக்கையாகிப்போன தசரதனுக்கு ஆண்டவன் கொடுத்த ஒரே சலுகை கபடி. கம்பெனிகளுக்கு இடையிலான போட்டியில் ஜெயித்துக் கொடுத்தால் அவனைப் பர்மனென்ட் ஆக்குவதாக மேனேஜரே வாய்விட்டுச் சொல்லியிருந்தார். அதை நம்பித்தான் ஷிஃப்ட் முடிந்தும் மைதானத்தில் விழுந்து புரண்டான்.

ஒரு மாலை, போனஸ் கோட்டைத் தொடக் காலை எட்டி நீட்டியபோது தொடை இடுக்கில் சுரீரென்றது. கம்பெனி நர்ஸம்மாவிடம் அந்த இடத்தை எப்படிச் சொல்வது? "தொடைல புடிப்பு" என்றான். ஸ்கேன் எடுத்து வரச் சொல்லி ஸ்ரீபெரும்புதூருக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஸ்கேன் எடுப்பவள் ஷெர்லினாகப் போனதுதான் அவன் கெட்ட நேரம். அவன் ஊரான மண்ணூரில் அடுத்த வீட்டுப் பெண். அண்ணா அண்ணா என்று சுற்றி வளர்ந்தவள். கையில் மீன் எண்ணெய் மாத்திரை ஒன்று வைத்திருந்தாள்.

"எங்க வலிக்குதுன்னு கரெக்டா காட்டுண்ணா. அங்க இத ஒட்டுவேன். படத்துல வெள்ளையா தெரியும், டாக்டரு அதச் சுத்திதான் பாப்பாரு."

அவன் வலித்த இடத்துக்கு ஒரு சாண் கீழே காட்டினான். மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக நினைப்பு வேறு! அவள் அங்கேயே ஒட்டினாள். படத்தில் மாத்திரை பளிச்சென்று தெரிந்தது. சுற்றியிருந்த தசையில் ஒரு கோளாறும் இல்லை.

"ஒண்ணும் இல்லன்னு ரிப்போர்ட்டே வந்துட்சி, நடிக்காதய்யா" என்றார் சூப்பர்வைசர் ராஜசேகர். தசரதன் போட்டியில் இறங்கி ஆடினான். இரண்டாவது ரைடிலேயே பொத்தென்று விழுந்தான். டீமும் தோற்றது.

மறுபடியும் அதே ஸ்கேன் அறை. இந்த முறை ஷெர்லின் கேட்பதற்குள் மாத்திரையை வாங்கி, சரியான இடத்தில் தானே வைத்துக் காட்டினான். கூச்சம் எங்கே போனதென்று தெரியவில்லை. தசை எலும்பிலிருந்தே பிய்ந்து வந்திருந்தது. இனி கபடியை மறந்துவிடச் சொன்னார் டாக்டர். யாருக்கோ சொல்வதுபோல் கேட்டுக்கொண்டான்.

"அன்னிக்கே இங்கன்னு சொல்லிருந்தா உன்ன ஆடவே வுட்டிருக்க மாட்டாங்கண்ணா."

"நீ அண்ணான்னு கூப்ட்டியேம்மா. எப்டிச் சொல்றது?"

ஷெர்லின் அழுதுவிட்டாள். அவனுக்கு அழுகைகூட வரவில்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது. காண்ட்ராக்ட் ஆளுக்கு லீவு ஏது? மாத்திரையைப் பிய்த்து அவள் கையில் கொடுத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி கம்பெனி பஸ்ஸுக்கு நடந்தான்.