சீலண்ணனின் பெல்ட்டும் நான் சொன்ன ஒரு வார்த்தையும்

சீலண்ணன் இறந்துபோன செய்தி வந்தபோது என் கையில் பதினாறு பேருடைய இரத்தம் இருந்தது. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக் கூடத்தில் எனக்கு வேலை. குழாய்கள் அடுக்கிய தட்டோடு நிற்கும்போது செல்போனை எடுக்கக் கூடாது. மூன்றாவது முறையும் அடித்ததால் தட்டைக் கீழே வைத்துவிட்டு எடுத்தேன். மேல்விஷாரத்திலிருந்து ரியாஸ் பாய்.

"நம்ம சீலன் போய்ட்டாருப்பா. ஃபேக்டரிலயே. நெஞ்சு அடைக்குதுன்னு உக்காந்தாராம், அவ்ளோதான்."

அரை மணி நேரத்துக்குள் இரண்டாவது அழைப்பு, ஆம்பூரில் எங்கள் திருச்சபையின் செயலாளரிடமிருந்து. "தம்பி, நீங்கதான் ஜெயசீலனுக்கு ரொம்ப க்ளோஸு. நம்ம சபைப் பத்திரிகைக்கு நாலு நல்ல வார்த்தை எழுதிக் குடுத்துடுங்க" என்றார். எழுதியிருக்கிறேன். இதில் நல்ல வார்த்தைகளும் சில உண்டு. நாலு தேறுமா என்று அவரே எண்ணிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அன்று மாலை ஆம்பூரில் ரயிலைவிட்டு இறங்கி நடந்தேன். கோயில் தெரு முனையில் அதற்குள் ஃப்ளெக்ஸ் கட்டிவிட்டார்கள். சீலண்ணன் படம், பக்கத்தில் ஒரு கிட்டார் படம். அந்தக் கிட்டாருக்கு ஆறு கம்பி. அவர் வாசித்தது பேஸ் கிட்டார், அதற்கு நாலே கம்பி, தடித்த கம்பி. பாட்டின் ராகத்தை அது வாசிக்காது. பாட்டுக்கு அடியில், தபேலாவோடும் டிரம்ஸோடும் சேர்ந்து கனமாக நடந்து வரும் சத்தம் அதனுடையது. பதினைந்து வருஷம் ஞாயிறுதோறும் உங்கள் கண்ணெதிரில் நின்று ஒரு மனிதர் அதை வாசித்திருக்கிறார். அதில் எத்தனை கம்பி என்று உங்களில் ஒருவருக்குமா தெரியவில்லை? நாலு வரை எண்ண எவ்வளவு நேரம் ஆகும்?

நம் ஊர்ப் பக்கத்து ஷூ கம்பெனி ஒன்றில் கட்டிங் செக்‌ஷன் சூப்பர்வைசர் என்று அவரை உங்களுக்குத் தெரியும். கோயிலில் தூண் ஓரமாக நின்று வாசித்த ஒல்லியான ஆள் என்று தெரியும். எனக்கும் ரியாஸ் பாய்க்கும் இன்னும் ஐந்தாறு பேருக்கும் அவர் வேறு. வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையில் பேஸ் வாசிக்கும் கிறுக்கர்கள் நாங்கள். வேலைக்குப் போய் வந்த நேரம் போக மீதி நேரத்தில் வாசிக்கிறவர்கள். தொண்ணூறுகளில் இந்தப் பக்கம் ஒரு கடையில்கூடப் புது பேஸ் கிட்டார் கிடைக்காது. கம்பி அறுந்தால் சென்னைக்குப் போக வேண்டும். அதனால் எங்களுக்குள்ளேயே வாங்கினோம், விற்றோம். ஒரே கிட்டார் குடியாத்தத்துக்குப் போய் ஆற்காடு சுற்றி ஆம்பூருக்கே திரும்பி வந்ததும் உண்டு.

என் முதல் கிட்டாரை அவரிடமிருந்துதான் வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோயில் முடிந்து, அவர் வீட்டில். காப்பிப் பொடி நிறத்தில் ஒரு பழைய பேஸ். விலை பேசி முடித்து எடுத்துத் தோளில் மாட்டப் போனேன். அவர் சட்டென்று அதன் தோள் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டார். "அண்ணா, பெல்ட்டு?" என்றேன். உள்ளே போய் இஞ்ச் டேப் எடுத்துவந்தார். தையற்காரர் மாதிரி என் தோளில் தொடங்கி முதுகு வழியாக இடுப்பு வரை அளந்தார். "கிட்டாரு ஊரெல்லாம் சுத்தும்பா. பெல்ட்டு மட்டும் அவனவனுக்கு. ஒர்த்தன் தோள்ல பழகுனத இன்னொர்த்தன் மாட்டக் கூடாது. ஒனக்கு அடுத்த வாரம் தர்றேன்" என்றார்.

அது எங்களுக்குள் சட்டமாகிவிட்டது. கிட்டாரை விற்கிறவன் பெல்ட்டைக் கழற்றி வீட்டில் வைத்துக்கொள்வான். வாங்குகிறவன் ஆம்பூருக்கு வந்து அளவு கொடுப்பான். ரியாஸ் பாய் கல்யாணக் கச்சேரிகளில் வாசித்தவர், ஏழு கிட்டார் மாற்றியவர். அவரிடம் பெல்ட் ஒன்றேதான், இன்றும் அதேதான்.

முதல் பெல்ட்டில் சீலண்ணன் ஒரு தப்பு செய்தார். ஷூவின் மேல்பாகத்துக்கு வெட்டும் தோலை நாள் முழுக்கத் தொட்டுப் பார்க்கிற ஆம்பூர்க்காரன்தான் அந்தத் தப்பைச் செய்வான். கம்பெனியில் கழித்துப் போட்ட துண்டுகளில், குழந்தை கன்னம் போல மெத்தென்றிருந்த முதல்தரத் தோலைச் சேர்த்துத் தைத்து எனக்குக் கொடுத்தார். அப்படி ஓர் அழகு. அதை மாட்டிக்கொண்டு ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். மெத்தென்ற தோல் இழுத்தால் நீளும். முதல் பாட்டில் வயிற்றருகே இருந்த கிட்டார் மூன்றாவது பாட்டில் இடுப்புக்கு வந்தது. ஐந்தாவது பாட்டில் முட்டியைத் தொட்டது. குனிந்து, பூமியில் எதையோ தேடுகிறவனைப் போல வாசித்தேன். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த சீலண்ணன் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு குலுங்கினார்.

மறுநாளே சீலண்ணன், ரியாஸ் பாய் வேலை பார்த்த தோல் பதனிடும் ஷாப்புக்குப் போனார். மரப்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்ட எருமைத்தோலை வாங்கிவந்து கையால் தைத்தார். கல் மாதிரி இருந்தது. "ஆறு மாசம் தோள அறுக்கும். அப்புறம் ஒன்ன விடாது" என்றார். அப்படித்தான் ஆனது. என் தோளில் இப்போதும் அது பதிந்த தடம் இருக்கிறது.

கம்பிகளின் கதையை கிரேஸ் அக்காவிடம் கேளுங்கள், அவர் மனைவி. பழைய கம்பியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டால் அழுக்கு இறங்கிச் சத்தம் தெளியும் என்று கண்டுபிடித்து அண்ணன் ரசச் சட்டியில் போட்டு வேகவைத்தார். அக்கா ஒரு வாரம் பேசவில்லை. "பேஜாராப் போச்சிப்பா, ஆனா சத்தத்த கேளு" என்று அண்ணன் எனக்கு வாசித்துக் காட்டினார். அவர் வாசிப்பில் அலட்டல் இருக்காது. நான் கொஞ்சம் விரலை ஓடவிட்டால் போதும், "கம்மியா வாசி. பாடுறவன் மூச்சு வாங்குற எடத்துல நீ பூராத" என்பார். நானும் ரியாஸ் பாயும் எங்களுக்குத் தெரிந்ததையெல்லாம் கொட்டி வாசித்தோம். அவர் தெரிந்ததில் பாதியை வாசிக்காமல் வைத்துக்கொண்டார்.

இனி எழுதப்போவதைச் செயலாளர் பத்திரிகையில் போடமாட்டார் என்று தெரியும். போடாவிட்டால் நானே படியெடுத்துக் கோயில் வாசலில் கொடுப்பேன்.

சீலண்ணனின் கருப்பு பேஸ் அவர் சொந்தக் காசில் வாங்கியது. வீட்டில் ஈரச்சுவர், மரம் வளைந்துவிடும் என்பதால் கோயில் அலமாரியில் வைத்திருந்தார். இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு வருஷம், புதுக் கீபோர்டு வாங்கக் கமிட்டி முடிவுசெய்தது. பழைய வாத்தியங்களைக் கொடுத்தால் சென்னைக் கடைக்காரர் விலையில் கழித்துக்கொள்வார். அலமாரியில் இருந்ததையெல்லாம் வண்டியில் ஏற்றினார்கள். பழைய ஆர்மோனியம், ஓட்டைத் தபேலா, கருப்பு பேஸ். சீலண்ணன் அந்த வாரம் ஷிப்மென்ட் வேலையில் கம்பெனியைவிட்டு வெளியே வரவில்லை. யாரும் அவரைக் கேட்கவில்லை. "பத்து வருஷமா நம்ம அலமாரியிலதானே இருக்குது, சபையோடதுதானே" என்றார்களாம். ஒருவருடைய பொருளைப் பத்திரமாக வைத்திருந்தால் அது நம்முடையதாகிவிடும் என்று எந்த வேதத்தில் படித்தீர்கள்?

அடுத்த ஞாயிறு அவர் வந்து அலமாரியைத் திறந்தார். காலி. செயலாளர் விளக்கம் சொன்னார். புதுக் கீபோர்டிலேயே பேஸ் சத்தம் இருக்கிறது, இடது கையில் வாசித்துவிடலாம் என்றார். சீலண்ணன் அலமாரிக் கதவைப் பிடித்தபடி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு ஒன்றுதான் கேட்டார்.

"பெல்ட்டையாவது கழட்டி வெச்சிருக்கக் கூடாதா?"

செயலாளருக்கு அது விளங்கவில்லை. "பெல்ட்டா? புதுசு ஒண்ணு வாங்கிக்கலாம் பிரதர்" என்றார். எனக்கு விளங்கியது. நான் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அந்த வாரமே ரியாஸ் பாய் லீவு போட்டுவிட்டுச் சென்னைக்குப் போனார். அந்தக் கிட்டார் வந்த மூன்றாம் நாளே விற்றுப்போய்விட்டதாம், பெல்ட்டோடு. நான் ஏன் போகவில்லை என்று ரியாஸ் பாய் கேட்டார். டூட்டி என்றேன்.

சீலண்ணன் அதற்குப் பிறகு வாசிக்கவில்லை. நாங்கள் ஆளாளுக்கு ஒரு கிட்டாரைக் கொண்டுபோய் நீட்டினோம். "இப்ப வேணாம்பா" என்றார், ஏழு வருஷமும் அதையே சொன்னார். எங்களுக்குப் பெல்ட் தைப்பதை மட்டும் விடவில்லை. தனக்கென்று ஒன்று தைத்துக்கொள்ளவில்லை. ஞாயிறுதோறும் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பாடினார். பேஸ் நின்றுபோன பிறகு அந்தக் கோயிலில் முந்நூறு பேரில் ஒருவர்கூட, ஏன் ஜெயசீலன் வாசிக்கவில்லை என்று அவரிடம் கேட்டதை நான் பார்க்கவில்லை.

எனக்கு அவர் மேலும் கோபம் உண்டு. அண்ணா, நீங்கள் அன்று ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும். அலமாரிக் கதவை ஓங்கி அறைந்திருக்க வேண்டும். என் சாமானைத் தொட நீ யார் என்று கேட்டிருக்க வேண்டும். நீங்கள் பொறுமையாக இருந்ததை இப்போது மேடையேறிப் புகழ்கிறார்கள். "சகோதரர் முறுமுறுத்ததே இல்லை" என்று போதகர் சொன்னபோது என் காது எரிந்தது. அவர் முறுமுறுக்காதது உங்களுக்கு எவ்வளவு வசதி!

இதையெல்லாம் எழுதிவிட்டு என்னைப் பற்றி எழுதாமல் போனால் நானும் அந்தக் கமிட்டியில் ஒருவன்தான். வண்டி ஏற்றுவதற்கு முந்தின நாள் செயலாளர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார். "தம்பி, நீங்க விஷயம் தெரிஞ்சவரு. பேஸ் கிட்டார் இல்லாம கீபோர்டு மட்டும் வெச்சி பாட்டு ஓடுமா?"

"ஓடும்" என்றேன்.

புதுக் கீபோர்டு வந்தால் என் மகள்தான் வாசிப்பாள் என்று அதற்கு முந்தின வாரம்தான் அவர் சொல்லியிருந்தார். அவளுக்கு அப்போது பத்து வயது. அவளைக் கோயிலில் முன்னால் உட்கார்ந்து வாசிக்கப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையில் சொன்னேன். கருப்பு பேஸை ஏற்றிவிடுவார்கள் என்று அன்று தெரியாது என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தெரிந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

அடக்கத்தன்று காலையில் அவர் வீட்டுக்குப் போனேன். கிரேஸ் அக்கா காலடியில் உட்கார்ந்து அதைச் சொன்னேன். அக்கா அழுகையை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

"அவருக்குத் தெரியும் தம்பி. ஒங்கள கேட்டுத்தான் செஞ்சோம்னு செயலாளரு அந்த வாரமே சொல்லிட்டாரு."

"அண்ணன் இன்னா சொன்னாரு?"

"'அவன் பொண்ணு நல்லா வாசிக்குது'ன்னாரு."

கருப்பு பேஸ் போய் ஒரு வருஷம் கழித்து ஒருநாள் அண்ணன் என்னைப் பார்த்து, "தொப்ப வந்துடுச்சி ஒனக்கு, கிட்டாரு மேல ஏறிப் போய்டுச்சி" என்று சிரித்து, இஞ்ச் டேப் எடுத்து மறுபடி என் தோளை அளந்தார். இரண்டு அங்குலம் கூட்டி பெல்ட்டின் முனையில் ஒட்டுப் போட்டுத் தைத்துக் கொடுத்தார். எல்லாம் தெரிந்துகொண்டுதான் என் தோளில் கை வைத்திருக்கிறார். நான்தான் அவர் ஒன்றும் அறியாதவர் என்று நினைத்து நின்றிருந்தேன்.

மதியம் கோயிலுக்கு என் பேஸை எடுத்துக்கொண்டு போனேன். ரியாஸ் பாய் ஆம்ப்ளிஃபயரை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினார். செயலாளர் வாசலிலேயே ஓடிவந்தார். "இதெல்லாம் இப்ப எதுக்கு தம்பி? டைம் ஆவுது. ஒங்க பொண்ணு கீபோர்டுல இருக்குதே. பாட்டு அதுலயே ஓடிடும்."

"ஓடாது" என்றேன்.

சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சத்தமாகச் சொன்னேன். அவர் வழிவிட்டார். தூண் ஓரத்தில், சீலண்ணன் நிற்கும் இடத்தில், பெல்ட்டை மாட்டிக்கொண்டு நின்றேன். கீபோர்டுக்குப் பின்னாலிருந்து என் மகள் என்னைப் பார்த்தாள். பதினேழு வயது. இடது கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வலது கையால் மட்டும் பாட்டைத் தொடங்கினாள். பாடுகிறவர்கள் மூச்சு வாங்கும் இடத்தில் நான் புகவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பவை ஒட்டுப் போட்ட ஒரு பெல்ட், கம்மியாக வாசிக்க வேண்டும் என்ற நினைப்பு, பிறகு அவர் படாமல் விட்டுப்போன கோபம். பெல்ட்டை யாருக்கும் தரமாட்டேன். கோபத்தை உங்களோடு பங்குபோடத்தான் இதை எழுதினேன். அதில் பெரிய பங்கு எனக்குத்தான். நான் சொல்ல வேண்டியிருந்த வார்த்தையை ஏழு வருஷம் கழித்து, அவர் பெட்டிக்குள் படுத்திருந்தபோது சொன்னேன்.