உப்புத் தண்ணியில் ஊறிய கத்தி உறை

2005-இல் மரக்காணத்தில் சிலம்பம் பழகிய எங்கள் செட்டில், கத்தி ஐட்டத்துக்கு மட்டும் ஒரே ஆளுக்குத்தான் சான்ஸ். கம்பு சுற்ற யாரை வேண்டுமானாலும் அனுப்புவார் மாஸ்டர். கத்தி அப்படியில்லை. இடுப்பு உறையிலிருந்து ஒரே இழுப்பில் உருவி, எதிரே கம்போடு வருகிறவனை மடக்க வேண்டும். வானூர் விழாவுக்கு என்னைச் சொல்லியிருந்தார். நான் சொதப்பினால் அந்த இடம் கூனிமேட்டு நண்பனுக்கு. மேடையில் கம்போடு வரப்போகிறவனும் அவனே. என் காலேஜ் பெண்கள் சிலர் வருவதாக இருந்ததால், சொதப்பும் ஐடியா எனக்குச் சுத்தமாக இல்லை.

கத்தி என்றதும் பயப்பட வேண்டாம். லாரி ஸ்பிரிங் பட்டையைத் தேய்த்து மாஸ்டர் தன் ஒர்க்‌ஷாப்பில் செய்தது. வாழைப்பழம்கூட வெட்டாது. ஆனால் முனை குத்தும். ஒருநாள் பேப்பரில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்தபோது, ஓர் அக்காவின் கூடைக்குள் புகுந்து தக்காளியைக் குத்திவிட்டது. பஸ்ஸே என்னைத் திட்டியது. உறை இல்லாமல் எவனும் கத்தியைத் தொடக்கூடாது என்று மாஸ்டர் சட்டம் போட்டார்.

உறைக்குத் தோலை நண்பன்தான் தந்தான். அவன் மாமா கல்ஃபிலிருந்து கொண்டுவந்த, கைப்பிடி அறுந்து பரணில் கிடந்த தோல் பை. போட்டிக்காரனே தோல் தருகிறானே என்று யாரும் உருக வேண்டாம். பரணைக் காலி பண்ணச் சொல்லி அவன் அம்மா அவனைப் போட்டு வறுத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

தோலை ஊறவைத்து, ஈரத்தோடு கத்திமேல் மடித்து இறுக்கிக் காயவிட்டால் கத்தி ஷேப்பிலேயே நிற்கும் என்று செருப்புக் கடையில் சொன்னார்கள். எங்கள் தெருவுக்கு நல்ல தண்ணீர் லாரியில்தான் வரும். அம்மாவிடம் ஒரு பக்கெட் கேட்டேன்.

"குடிக்கிற தண்ணியில மாட்டுத்தோல ஊறவைப்பியா? போடா அந்தாண்ட."

போனேன். வீட்டுக்குப் பின்னால் அப்பா வேலை செய்யும் உப்பளம். பாத்தி நிறையத் தண்ணீர், கேட்க ஆளில்லை. நான் கெமிஸ்ட்ரி ஸ்டூடன்ட் வேறு. தோல் கெடாமலிருக்க உப்புதானே போடுகிறார்கள், நமக்கு ரெண்டு வேலையும் ஒன்றாக முடிகிறது என்று நண்பனுக்கு லெக்சர் எடுத்தேன். அவன் காமர்ஸ். நம்பிவிட்டான்.

ஊறிய தோலைக் கத்திமேல் மடித்து, ஓரத்தில் ஓட்டை போட்டு, வலை பின்னும் நைலான் நரம்பால் தைத்து வரப்பில் காயவைத்தோம். சாயங்காலம் தட்டினால் டொக் டொக் என்றது. மேலே வெள்ளையாகப் பூத்திருந்தது. டிசைன் என்று சொல்லிக்கொண்டேன்.

எங்கள் ப்ராக்டிஸ் விடியற்காலையில். அந்த நேரத்துப் பனியில் உப்பு ஈரத்தை இழுத்து, உறை நமத்துப்போன அப்பளம் மாதிரி தளர்ந்துவிடும். கத்தி வழுக்கிக்கொண்டு வரும். மாஸ்டரே பரவாயில்லை என்றார். வெயிலில் அதை உருவிப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

வானூரில் காலையில் நடக்கவேண்டிய நிகழ்ச்சி, சீஃப் கெஸ்ட் வராததால் மத்தியானச் சாப்பாட்டைத் தாண்டியது. அதுவரை பெண்கள் பார்க்கட்டும் என்று கத்தியை இடுப்பில் மாட்டிக்கொண்டு வெயிலில் உலாத்தினேன்.

மேளம் ஆரம்பித்தது. நண்பன் கம்பை ஓங்கினான். நான் இழுத்தேன். வரவில்லை. மறுபடி இழுத்தேன். பேன்ட் கொஞ்சம் இறங்கியது, கத்தி அசையவில்லை.

ஓங்கிய கம்போடு அவன் முணுமுணுத்தான்: "மச்சி, எடுடா. கை வலிக்குது."

"வரலடா."

"அப்ப அடிக்கட்டா, வேணாமா? அத சொல்லு."

இது ஏதோ புது சஸ்பென்ஸ் என்று நினைத்த மேளக்காரர் வேகத்தை ஏற்றினார். ரெண்டு கையாலும் இழுத்தேன். பெல்ட் வளையம் அறுந்து, உறையோடு கத்தி கைக்கு வந்தது. பதற்றத்தில் அவன் அடித்தேவிட்டான். உறையால் தடுத்து, அவன் மணிக்கட்டில் ஒன்று வைத்தேன். கம்பு கீழே விழுந்தது. கைதட்டல் அடங்கவே இல்லை.

சீஃப் கெஸ்ட் மைக்கில் இது என்ன முறை என்று கேட்டார். மாஸ்டர் கண்ணைக்கூடச் சிமிட்டாமல், கத்தியை உருவாமலே எதிரியை மடக்கும் பழைய முறை என்றார். சீஃப் கெஸ்ட் உணர்ச்சிவசப்பட்டு அகிம்சையைப் பற்றி நீளமாகப் பேசினார்.

மேடைக்குப் பின்னால் மாஸ்டர் என் சட்டையைப் பிடித்தார். "அவரு ஊர்லயும் இதே ஐட்டம் வேணுமாம். நீதான் பண்ணணும். கத்தி மட்டும் வெளிய வந்துச்சு, மவனே, செட்ட விட்டே தூக்கிடுவேன்."

தலையாட்டினேன். அந்தப் பக்கம் நண்பன் உறையைக் காலால் மிதித்துக்கொண்டு, ரெண்டு கையாலும் பிடியை இழுத்துக்கொண்டிருந்தான். ஓடிப்போய்ப் பிடுங்கிக்கொண்டேன்.