எங்கள் மோல்டில் பிறக்காத வளையங்கள்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ராணுவ வண்டிகளுக்கான சில உதிரிப் பொருட்களை இனி வெளிநாட்டிலிருந்து வாங்கக் கூடாது என்று அரசு பட்டியல் போட்டது. அதில் ஒரு ரப்பர் வளையமும் இருந்தது. எண்ணெய்க் குழாயின் இணைப்பில் கசிவைத் தடுப்பது அதன் வேலை.
2. அதைச் செய்துதரும் ஆர்டர், சேதராப்பட்டில் நான் வேலை பார்க்கும் சிறிய ரப்பர் கம்பெனிக்கு வந்தது.
3. நாங்கள் செய்த முதல் இரண்டு தொகுதிகளும் எண்ணெயில் ஊறவைத்த சோதனையில் உப்பிப்போயின.
4. மூன்றாவது தொகுதி என் மேசைக்கு வந்தது. எல்லா அளவும் சரி. எண்ணெயிலும் உப்பவில்லை.
5. நான் கையெழுத்துப் போடவில்லை.

நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் ஒரு காலைப்பொழுது இருக்கிறது.

டிப்ளமோ முடித்து, பாகூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, இங்கே தரம் பார்க்கும் வேலை செய்கிறேன். நான் கையெழுத்திட்டால்தான் சரக்கு வெளியே போகும். இந்த வளையத்தை வார்க்கும் மோல்டு வந்த வாரமே, ஒட்டியிருந்த ரப்பரை யாரோ ஆக்ஸா பிளேடால் சுரண்டிவிட்டார்கள். அதில் விழுந்த கீறல் ஒவ்வொரு வளையத்திலும் மயிரிழை மேடாகப் பதியும். கசிவை அடைக்கும் பக்கம் இல்லை என்பதால் விட்டுவிட்டோம். மூன்றாவது தொகுதியில் அந்த மேடு இல்லை.

வார்த்த வளையங்களின் ஓரத்துப் பிசிறு வெட்டும் அக்காவிடம் ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். "நீங்க வெட்டினதாக்கா இது?"

நகத்தால் ஒரு சுற்று தடவிப் பார்த்தார். "இன்னா பாப்பா, தழும்பே இல்லாம மொழுமொழுன்னு கீது? நம்ம வூட்டுது எதுனா இவ்ளோ அழகா பொறந்துருக்கா? இது நம்பளுது இல்ல. மூணு நாளா எங்கையில ஒரு வளையம் வரல. மெஷினு ரிப்பேருன்னு நெனச்சிக்கினு ஒக்காந்துகினு கீறன்."

மேனேஜரிடம் போனேன். அவர் மறைக்கவில்லை. சாதாரண உதிரி என்ற பெயரில் ஒரு வியாபாரி கொண்டுவந்த வெளிநாட்டு வளையங்கள் அவை.

"நல்ல மால்தானம்மா. வண்டிக்குத் தெரியுமா எந்த ஊருதுன்னு? நம்பளுது பாஸாவுற வரைக்கும் இத அனுப்புவோம்."

"அப்ப ரிப்போர்ட்ல வெளிநாட்டு மால்னே எழுதிடட்டுமா சார்?"

"காமெடி பண்ணாத. ஆர்டர் போச்சுன்னா பதினாலு பேருக்கு வேல இல்ல. நீயும் அதுல ஒருத்தி."

அவர் சொன்னது பொய்யில்லை. அந்தப் பதினாலில் பிசிறு வெட்டும் அக்காவும் உண்டு. வெளிநாட்டுப் பொருள் கூடாது என்ற இந்தத் தடையின் மேல் எனக்கும் கோபம் இருந்தது. செய்யத் தெரிந்துகொள்ள அவகாசம் தராமல் கதவைச் சாத்துகிறார்களே என்று நானே மேனேஜரிடம் பொரிந்திருக்கிறேன். ஆனால் நான் கையெழுத்திட்டால் தாளில் மட்டும் நாங்கள் இதைச் செய்யத் தெரிந்தவர்கள் ஆகிவிடுவோம். பிறகு செய்யத் தெரிந்த வேறொருவரை யாரும் தேடமாட்டார்கள். வெளியிலிருந்து ஒன்றும் வராத ஒரு நாளில், அந்த வண்டியில் உட்கார்ந்திருப்பவனுக்கு என் கையெழுத்து மட்டும்தான் இருக்கும். அதை வைத்து எண்ணெயை அடைக்க முடியாது.

"இந்த மோல்டில் செய்தவை அல்ல" என்று ரிப்போர்ட்டில் எழுதினேன். சிவப்புச் சீட்டு ஒட்டி, தொகுதியை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். வாங்குபவருக்கு, இரண்டு தொகுதிகள் தோற்றன, அவகாசம் வேண்டும் என்று மெயில் அனுப்பினேன்.

மேனேஜர் என் மேசைக்கே வந்துவிட்டார். "யாரைக் கேட்டு அனுப்பின?"

"டைம்தான சார் கேட்டிருக்கேன். வேற எதுவும் எழுதல. எழுதட்டுமா?"

அவர் திரும்பிப் போய்விட்டார்.

வாங்குபவர் ஒரே ஒரு முறை அவகாசம் கொடுத்திருக்கிறார். ரப்பர் கலவையை மாற்றிச் செய்த நான்காவது தொகுதி எண்ணெயில் ஊறிக்கொண்டிருக்கிறது. முடிவு இன்னும் வரவில்லை. உப்பினால் ஆர்டர் போய்விடும். மேனேஜர் என்னுடன் பேசுவதில்லை. நான் வேலையை விடவில்லை.