முருக பக்தரான துரையின் சுவர்

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் எங்கள் தோட்டத்துக் கோயில் படிகள், என் கல்வீடு, கேகாலை வீதியில் நிற்கும் என் கடை எல்லாம் என் கையால் எழும்பியவை. ரப்பர் தொழிற்சாலை ஓடிய காலத்தில், ஷீட் உலர்த்தும் புகைக்கூடம் மண்சரிவில் பாதி விழுந்தது. அதன் பின்சுவரை ஆற்றுக்கல் வைத்துத் தனியாளாகத் தூக்கியவனும் நான்தான்.

மூடிக் கிடந்த அந்தத் தொழிற்சாலையைக் காட்சிசாலை ஆக்கப் போவதாகச் சொல்லி, அளவு நாடாவோடு கொழும்பிலிருந்து ஒரு பெண் வந்தாள். எங்கள் பக்கம் நாடாவோடு வந்தவர்கள் எதையாவது இடிக்காமல் போனதில்லை. வெள்ளைக்காரன் கட்டாததை எல்லாம் உடைப்பார்கள் என்றும் பேச்சு அடிபட்டது. அவள் பின்னாலேயே நடந்தேன்.

அவள் நேராக என் சுவரைத் தட்டினாள்.

"இது யாருங்க ஐயா கட்டினது?"

"வெள்ளக்காரன்தாம்மா. வேற யாரு?"

"மேல வேல் செதுக்கியிருக்கே?"

நான் ஆசையாகச் செதுக்கிய வேல் அது.

"அந்தத் தொர வருசா வருசம் கதிர்காமம் போறவரும்மா!"

சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டாள். சுவர் தப்பியது.

போன மாதம் பலகை மாட்டினார்கள். 'முருக பக்தரான ஆங்கிலத் துரை கட்டிய சுவர்' என்று மூன்று மொழியிலும் இருக்கிறது. வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுக்கிறார்கள். அவள் நம்பித்தான் எழுதினாளா, பொய்யென்று தெரிந்தே எழுதினாளா என்று எனக்கு இன்னும் சந்தேகம். யாரையும் நம்பாத நான், என் சுவரை நானே இன்னொருவனுக்குத் தாரை வார்த்துவிட்டேன்.

காட்சிசாலைக்காரர்களே, இனி இடிக்க மாட்டீர்கள்தானே? அப்படியானால் அந்தத் துரையை அழித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.