‘உருவாக்கியவர் பெயர்’ என்ற கட்டம்

பலமனேர் தாண்டி பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் ஒரு ரோஜாப் பண்ணை இருந்தது. வெளிநாட்டுக்குப் பூ அனுப்புகிற பண்ணை. திருப்பதியில் விவசாயப் படிப்பு முடித்த கையோடு அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சொந்தமாக ஒரு குழி நிலம் இருந்ததில்லை. நைனா அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் கூலிக்குப் போய்த்தான் என்னைப் படிக்க வைத்தார். முதல் நாள் பண்ணையில் எனக்கு மேசையும் நாற்காலியும் கொடுத்தார்கள் என்று சொன்னபோது, நாற்காலியில் கை வைக்கிற கட்டை இருக்கிறதா என்று கேட்டார்.

பண்ணையில் உருவாகிற புது ரகங்களை விவரித்து எழுதுவது என் வேலை. ஒரு ரோஜாவைச் சொந்தம் கொண்டாட வேண்டுமென்றால் அது இதுவரை இல்லாத ரோஜா என்று அரசாங்கத்துக்கு நிரூபிக்க வேண்டும். செடி நிமிர்ந்து வளர்கிறதா, படர்கிறதா. முள் எத்தனை, என்ன நிறம். இலை பளபளக்கிறதா. இதழ் எத்தனை அடுக்கு, ஓரம் நெளிகிறதா, அடியில் புள்ளி உண்டா. நிறத்தைக் கண்ணால் சொல்லக்கூடாது. வண்ண அட்டையை இதழோடு ஒட்டிப் பிடித்து எண்ணை எழுத வேண்டும். விடிந்து வெயில் ஏறுவதற்குள் பார்க்க வேண்டும். ஏறினால் நிறம் மாறிவிடும்.

இந்த வேலையில் எனக்குத் துணையாக ஒரு அக்காவை அனுப்பியிருந்தார்கள். குடிபாலாப் பக்கத்துக்காரர். என் ஊருக்கும் அவர் ஊருக்கும் நடுவில் ஒரு ஏரிதான். புருஷன் பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர் திரும்பி வரவில்லை. ஒரே மகனோடு பண்ணைக்குப் பின்னால் வாடகைக்குக் குடியிருந்தார். எல்லோரும் தெலுங்கு பேசுகிற இடத்தில் நாங்கள் இரண்டு பேர் எங்கள் ஊர்த் தமிழில் பேசிக்கொள்வோம். என்னைக் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிடுவார். நான் சாப்பிடாமல் வந்த நாள்களில் தன் டப்பாவை என் பக்கம் தள்ளி, “துன்னுட்டு அப்பறமா எழுது” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், உடைந்த பிளாஸ்டிக் பக்கெட்டில் ஒரு ரோஜாச் செடி நின்றது. வெளியிதழ் இளம்பச்சை, உள்ளே போகப் போக சுண்டக் காய்ச்சிய பால் மாதிரி ஒரு மஞ்சள், நடுவில் மட்டும் லேசாகச் சிவப்பு. தண்டில் முள்ளே இல்லை என்று சொல்லிவிடலாம். நான் எழுதிய எந்த விவரத்திலும் இது இல்லை.

எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். கலப்பு நாற்றுகளில் முதல் பூ பார்த்துவிட்டுத் தேறாதவற்றைப் பிடுங்கிக் குப்பையில் கொட்டுவோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் அப்படிக் கொட்டியதில் ஒன்றை எடுத்துவந்திருக்கிறார். முதல் பூ சோகையாகத்தான் இருந்ததாம். ஆனால் தண்டில் முள் இல்லாததைப் பார்த்து, பிழைக்கட்டும் என்று நட்டிருக்கிறார். இரண்டாம் வருஷம் அதன் கணுவிலிருந்து மொட்டெடுத்துக் காட்டு ரோஜா வேரில் தானே ஒட்டுக் கட்டியிருக்கிறார். அதற்குப் பிறகுதான் பூ இந்த நிறத்துக்கு வந்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் இரண்டு வீட்டுக்கு ஒட்டுக் கட்டிக் கொடுத்துமிருந்தார். போன தை மாதத்திலிருந்து பூவைச் சித்தூர் மார்க்கெட்டுக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. இதைக் கம்பெனியில் சொன்னால் அக்கா பெயரில் பதிவாகும், பேப்பரில் வரும் என்று சொன்னேன். அவர் சிரித்தார்.

“என் பேரா? கெவருமென்ட்லயா?”

“ஆமாக்கா. உருவாக்கினவங்க பேருன்னு தனியா ஒரு கட்டமே கீது.”

மறுநாள் நானேதான் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். யாரும் கேட்கவில்லை. நானாகப் போய்ச் சொன்னேன்.

மேனேஜர் ஜீப்பில் வந்து பார்த்தார். அக்காவிடம் நல்ல விதமாகத்தான் பேசினார். கணு மொட்டுகளை வெட்டிக்கொண்டுவந்து பண்ணையில் ஒரு பாத்தி முழுக்க ஒட்டுக் கட்டினோம். அந்த வருஷம் முழுவதும் நானும் அக்காவும் அந்தச் செடிகளைத்தான் பார்த்தோம். நான் அளப்பேன், அவர் பூவைப் பிடித்துக்கொள்வார். என் படிவத்தில் இல்லாததை எல்லாம் அவர் சொல்வார். வானம் மூடமான நாளில் பச்சை கூடுது, மொட்டை முந்தின நாள் சாயந்திரம் வெட்டினால் இரண்டு நாள் கூடுதலாக நிற்கிறது. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். என் விண்ணப்பத்தில் நல்ல வரிகள் எல்லாம் அவர் வாயிலிருந்து வந்தவை.

விண்ணப்பம் முடிந்து உருவாக்கியவர் பெயர் கட்டத்துக்கு வந்தபோது மேனேஜர் என்னைக் கூப்பிட்டார். கலப்பு கம்பெனியுடையது, விதை கம்பெனியுடையது, குப்பைக்குப் போனாலும் செடி கம்பெனியுடையதுதான் என்றார். கூலிக்கு வருகிற பெண்ணின் பெயரைப் போட்டால் ஆயிரம் கேள்வி வரும், கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத ஆள் எப்படித் தேர்வு செய்தாள் என்று கேட்பார்கள் என்றார். பிறகு, படித்தவள் நீதானே, விவரித்தவளும் நீதானே, உன் பெயரைப் போட்டுக் கம்பெனிக்கு உரிமையை எழுதிக் கொடுத்துவிடு என்றார்.

விவசாயிகள் தங்கள் பெயரிலேயே பதிவு செய்ய வேறு படிவம் இருப்பது எனக்குத் தெரியும். அது என் மேசை இழுப்பறையில்தான் இருந்தது. அக்காவுக்கு உரிமை உண்டா இல்லையா என்று யாரையாவது கேட்டிருக்கலாம். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சான்றிதழில் என் பெயர் வருமா என்று கேட்டேன். வரும் என்றார். இந்த ரகத்தை உருவாக்கியது நான்தான் என்று அன்று மத்தியானமே பிரமாணப் பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அத்தோடு முடியவில்லை. விண்ணப்பத்துக்கு ஒரு வருஷத்துக்கு மேல் முன்பே விற்பனைக்குப் போன ரகத்தைப் புதுசு என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சித்தூர் மார்க்கெட் விஷயத்தை மேனேஜருக்குச் சொன்னதும் நான்தான். உடனே ஒரு பேப்பர் தயாரானது. செடி கம்பெனியுடையது, பாதுகாப்புக்காக வீட்டில் வைத்திருந்தேன், பூவை எங்கும் விற்றதில்லை என்று தெலுங்கில் எழுதியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு ஜீப்பில் நான்தான் போனேன்.

“இதுல இன்னா எழுதிக்கீது கண்ணு?” என்று கேட்டார் அக்கா.

“ஒண்ணும் இல்லக்கா. பதிவுக்கு ஒரு பேப்பர். செடிய இங்க வெச்சிக்கக் கூடாதாம். பண்ணையில நெறைய வளக்கப் போறாங்க இல்ல.”

அவர் கட்டை விரலை நீட்டினார். மையைத் தடவியது நான். பிறகு அவரே பக்கெட்டைச் சாய்த்துச் செடியை வேரோடு எடுத்து ஜீப்பில் வைத்தார். பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் அவரே போய்ச் சொல்லிப் பிடுங்கிக்கொண்டுவந்தார். வேரில் மண் உதிராமல் ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தார். பண்ணைக்குப் போனதும் மூன்றையும் எரித்துவிட்டார்கள்.

சில மாதங்கள் கழித்துச் சோதனை அதிகாரி வந்தார். வயதானவர், பொறுமையாகப் பார்த்தார். ஒவ்வொரு செடியாகக் குனிந்து என் விவரத்தோடு ஒப்பிட்டார். எல்லாம் சரியாக இருந்தது. மேனேஜர் பக்கத்தில் நின்றார். அக்கா இரண்டு முழம் தள்ளி, கத்திரிக்கோலும் கையுமாக நின்றார். நிமிர்ந்த அதிகாரி, இவ்வளவு முள் குறைந்த நாற்றை முதல் பூவிலேயே எப்படிக் கண்டுபிடித்தார்கள், இதைத் தேர்ந்தெடுத்தது யார் என்று தெலுங்கில் கேட்டார். அக்காவுக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். கேள்வியைக் கேட்டதும் ஒரு அடி முன்னால் வந்தார். அது ஓரக்கண்ணில் தெரிந்தது.

நேனே சார், என்றேன். நான்தான்.

அதிகாரி பாராட்டினார். தண்டின் நிறத்தை மட்டுமே பார்த்து முடிவெடுத்ததாகக்கூட ஏதோ சொன்னேன். திரும்பியபோது அக்கா வேறு பாத்தியில் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் வழக்கம்போல வண்ண அட்டையோடு போனேன். “எந்தப் பாத்திங்க மேடம்?” என்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் என்னைக் கண்ணு என்று கூப்பிடவே இல்லை. வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் மட்டும் பேக்கிங் பெண்களோடு போய் உட்கார்ந்துகொண்டார். அடுத்த பொங்கலுக்குப் பிறகு பண்ணைக்கே வரவில்லை.

சான்றிதழ் வந்தது. ரகத்துக்கு முதலாளி தன் அமெரிக்கப் பேத்தியின் பெயரை வைத்தார். உருவாக்கியவர் என்ற இடத்தில் என் பெயர். நைனா அதன் நகலைக் கண்ணாடி போட்டு வீட்டில் மாட்டினார். வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். அதை வைத்துத்தான் பெங்களூரில் பெரிய கம்பெனியில் எனக்கு வேலை கிடைத்தது. நேர்காணலில் அந்தத் தண்டு விஷயத்தைத்தான் விரிவாகக் கேட்டார்கள். விரிவாகவே சொன்னேன்.

பல வருஷம் கழித்து ஒரு தடவை திருமலைக்குப் போக, திருப்பதியில் ஒரு லாட்ஜில் தங்கினேன். அறையைப் பெருக்க வந்தது அக்கா. தலை நரைத்திருந்தது. மகன் வடமாலபேட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் இருப்பதாகச் சொன்னார். நான் கேட்டதற்குத்தான் பதில் சொன்னார், அவராக எதுவும் கேட்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. தப்பு பண்ணிவிட்டேன், பதிவு ஆபீசுக்கு எழுதி அவர் பெயரைச் சேர்க்கச் சொல்கிறேன் என்றேன்.

அவர் படுக்கை விரிப்பை மடித்துக்கொண்டே நான் சொன்னதைக் கேட்டார். பிறகு சொன்னார்:

“பேரு வந்து இன்னா ஆவப் போவுது மேடம். அன்னிக்கு அந்த ஐயா கேட்டப்போ என் மூஞ்சிய ஒரு தரம் திரும்பிப் பாத்திருந்தீங்கன்னா போதும்.”

வாளியை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டார்.

பெங்களூருக்குத் திரும்பியதும் கடிதம் எழுத உட்கார்ந்தேன். மூன்று தடவை எழுதினேன். அனுப்பினால் நான் கொடுத்த பிரமாணப் பத்திரம் பொய் என்று நானே ஒத்துக்கொண்டதாகும். வேலை போகும். நைனாவுக்குத் தெரிந்துவிடும். மூன்றையும் கிழித்துப் போட்டேன். இன்றைக்கும் நான் ரோஜாக்களை விவரிக்கிற வேலையில்தான் இருக்கிறேன். என் விவரங்களில் பிழையே இருப்பதில்லை என்று ஆபீசில் சொல்கிறார்கள்.